கேளாத குழந்தையும் பேசாத வீடும்

குழந்தைக்கு இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை என்று ஒரு தாய் கவலைப்படத் தொடங்கும்போது, கொங்குப் பகுதி வீடுகளில் அவளுக்குக் கிடைக்கும் ஆறுதல் ஏறக்குறைய ஒரே மாதிரியானது. "அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசுனான்" என்பார் அப்பத்தா. ஆண்பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகத்தான் வரும் என்பார்கள் அக்கம்பக்கத்தார். வசம்பை உரைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவச் சொல்வார்கள். குலதெய்வத்துக்கு ஒரு வேண்டுதலும் முடிந்துவைக்கப்படும். இவை எதிலும் குழந்தையின் மீது வெறுப்பு கிடையாது, பாசம்தான் இருக்கிறது. ஆனால் மருந்து நாக்குக்குப் போகிறது, வேண்டுதல் வாய்க்குப் போகிறது. காதை யாரும் நினைப்பதில்லை.

இதற்கு நம் மொழிப் பழக்கமும் ஒரு காரணம். காது கேளாமல் பிறந்த குழந்தையை நாம் 'ஊமை' என்றும் 'வாய் பேசாத புள்ளை' என்றும்தான் அழைத்துவந்திருக்கிறோம். காரணம் காதில் இருக்க, பெயர் வாய்க்குச் சூட்டப்பட்டது. இத்தனைக்கும் கேட்டறிவதைக் கல்விக்கு நிகராக வைத்த மரபு நம்முடையது. வள்ளுவர் கேள்விக்கென்றே தனி அதிகாரம் வகுத்தார். கேட்டலும் வினவலும் கற்றலும் 'கேள்வி' என்ற ஒரே சொல்லில் அடங்குகின்றன. அந்தச் சொல்லின் பொருளை மனத்தில் வைத்துத்தான் இந்தக் கட்டுரையின் வினாவை எழுப்ப விரும்புகிறேன். செவித்திறன் குறைந்த குழந்தையின் வளர்ச்சியைப் பெற்றோரின் மனப்பான்மை தீர்மானிக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. எந்த மனப்பான்மை? அது யாருடையது? எந்த வழியாக அது குழந்தையைப் போய்ச் சேர்கிறது?

1. ஏற்பு, மறுப்பு என்ற சட்டகம்

இத்துறையில் பரவலாகக் கற்பிக்கப்படுவது படிநிலைக் கோட்பாடு: அதிர்ச்சி, மறுப்பு, கோபம், துயரம், கடைசியில் ஏற்பு. இது பிறந்த இடம் வேறு. சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு உரையாடி எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் வெளியிட்ட நூலிலிருந்து கிளைத்து, பின்னாளில் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளின் பெற்றோர்மீதும் பொருத்தப்பட்டது. பெற்றோரின் துயரத்தைப் புரிந்துகொள்ள அது உதவாமல் இல்லை. ஆனால் மடியில் உயிரோடு சிரித்துக்கொண்டிருக்கும் குழந்தையைச் சாவின் அளவுகோலால் அளக்கத் தொடங்கியதில் ஒரு கோணல் நேர்ந்துவிட்டது. பெற்றோர் 'ஏற்றுக்கொண்டு' விட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணத்தை அது வளர்த்துவிட்டது.

ஏற்றுக்கொண்ட வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே குழந்தைக்கு ஊட்டிவிடுவார்கள், கேட்டதை வாங்கித் தருவார்கள், யாராவது கேலி செய்தால் சண்டைக்குப் போவார்கள். ஆனால் சாப்பிடு, வா, தூங்கு, வேண்டாம் என்பவற்றுக்கான பத்துப் பதினைந்து கையசைவுகளுக்கு மேல் அந்தக் குழந்தையோடு யாரும் எதுவும் பேசுவதில்லை. அப்பாரு (தந்தைவழித் தாத்தா) ஏன் மருத்துவமனைக்குப் போனார், நாளைக்கு எந்த ஊருக்குப் போகிறோம், அம்மா ஏன் அழுகிறாள் என்பதெல்லாம் அக்குழந்தைக்கு வந்து சேர்வதே இல்லை. இந்த வீட்டை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? ஆய்வாளரின் வினாப்படிவத்தில் இவர்கள் ஏற்பின் உச்சத்தில் இருப்பார்கள். குழந்தையோ மொழியில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும். ஏற்பா மறுப்பா என்பதைவிட, அந்த வீடு குழந்தையோடு உரையாடுகிறதா என்பதே பெரிய கேள்வி என்பது என் வாதம்.

2. சான்றுகள் சொல்வதும் சொல்லாததும்

காலம் பற்றிய சான்றில் ஐயத்துக்கு அதிக இடமில்லை. கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ குழுவினர் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 150 குழந்தைகளை ஆராய்ந்து 1998இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆறு மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்ட 72 குழந்தைகளின் மொழித்திறன், அதன் பிறகு கண்டறியப்பட்ட 78 பேரைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தது. கேளாமையின் அளவு, குடும்பத்தின் பொருளாதார நிலை, பேச்சா சைகையா என்ற வேறுபாடு ஆகியவற்றைத் தாண்டியும் அந்த மேம்பாடு நிலைத்தது. ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் பயிற்சி என்று இன்று உலகெங்கும் சொல்லப்படும் கணக்கின் பின்னே இத்தகைய ஆய்வுகளே உள்ளன.

மேரி பாட் மோலர் 2000இல் வெளியிட்ட ஆய்வு நம் வினாவுக்கு இன்னும் நெருக்கமானது. 112 குழந்தைகளின் ஐந்து வயதுச் சொல்வளத்தை அவர் அளந்தார். பயிற்சி தொடங்கிய வயது முக்கியம்தான்; ஆனால் அதைவிடக் கூடுதலாகக் குழந்தைகளுக்கிடையிலான வேறுபாட்டை விளக்கியது குடும்பத்தின் ஈடுபாடு. தாமதமாகத் தொடங்கி, குடும்பமும் ஈடுபடாதபோது பாதிப்பு மிகக் கடுமையாக இருந்தது.

பெற்றோர் மனப்பான்மை பற்றி எழுதுவோர் அடிக்கடி சான்று காட்டும் இந்த ஆய்வைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். ஈடுபாட்டை மதிப்பிட்டவர்கள் பயிற்சி அளித்தவர்களே. தவறாமல் வருபவர், சொன்னதைச் செய்பவர், சரளமாகப் பேசுபவர் இயல்பாகவே நல்ல மதிப்பெண் பெறுவார். வால்பாறைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் குழந்தையைக் கோவைக்கு அழைத்துவருவதை எண்ணிப் பாருங்கள். பொள்ளாச்சி வரையிலான மலைப்பாதையே 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கப்புறம்தான் கோவைக்கான பயணம். வாரம் இருமுறை அவரால் வர முடியவில்லை என்றால் பதிவேட்டில் அது 'ஈடுபாடு குறைவு' என்று ஆகிவிடும். திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்ணுக்குத் தெரபிக்குப் போகும் நாள் கூலி இல்லாத நாள். தூரமும் கூலியும் இப்படி மனப்பான்மை என்ற பெயரில் எழுதப்பட்டுவிடும் ஆபத்தை ஆய்வாளர்கள் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. காரண காரியமும் இருபக்கம் ஓடக்கூடியது. குழந்தை ஒரு சொல் சொல்லிவிட்டால் பெற்றோருக்கு உற்சாகம் கூடும். ஆறு மாதம் பலனே தெரியாவிட்டால் யாருக்கும் சோர்வு தட்டும்.

ஈடுபாடு எந்த வழியாக வேலை செய்கிறது என்பதை வேறு சில ஆய்வுகள் காட்டுகின்றன. 1968இல் கலிபோர்னியாவில் கேத்ரின் மெடோ செய்த ஒப்பீட்டில், கேளாத பெற்றோருக்குப் பிறந்த கேளாத குழந்தைகள், கேட்கும் பெற்றோருக்குப் பிறந்த கேளாத குழந்தைகளைவிடப் படிப்பிலும் சமூகப் பழக்கத்திலும் முன்னே இருந்தனர். இரு சாராருக்கும் கேளாமை பொது. முதல் வகை வீட்டில் மட்டும் பிறந்த நாளிலிருந்தே சைகையில் ஒரு முழு மொழி புழங்கியது. அங்கே குழந்தையின் கேளாமை ஒரு பேரிடியாகவும் வந்து விழுந்திருக்காது. மனநிலை காரணமா, மொழி காரணமா என்று இதில் பிரிப்பது கடினம். ஆனாலும் இந்த முடிவு முக்கியமானது. கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவர்கள் என்பது அமெரிக்கக் கணக்கு. அதாவது பெரும்பாலான வீடுகளுக்கு இந்த உலகம் முற்றிலும் புதியது.

சூசன் கோல்டின்-மெடோ, கரோலின் மைலாண்டர் இருவரும் 1998இல் வெளியிட்டது இதைவிட வியப்பானது. அமெரிக்காவிலும் தைவானிலும், சைகை மொழியே கற்றிராத கேளாத குழந்தைகள் தாமாகவே சைகைகளை ஒழுங்கோடு கோத்து வாக்கியம்போல அமைத்துப் பயன்படுத்தினர். அவர்களின் தாய்மார் காட்டிய சைகைகளில் அந்த ஒழுங்கு இல்லை. இரு நாட்டுக் குழந்தைகளின் சைகைகளும் தத்தம் தாய்மாரின் சைகைகளைவிட ஒன்றையொன்று அதிகம் ஒத்திருந்தன. குழந்தை மொழியோடுதான் வீட்டின் கதவைத் தட்டுகிறது. எதிரில் பதில் சொல்ல ஆளில்லை. இத்துறை ஆய்வுகளில் என்னை மிகவும் உலுக்கியது இதுதான்.

மோலரும் பிரெண்டா ஷிக்கும் 2006இல் காட்டியது மற்றொரு கோணம். கேளாத குழந்தையிடம் தாய் நினைத்தேன், மறந்துவிட்டேன், ஆசைப்பட்டான் என்று மனத்தைப் பற்றி எவ்வளவு பேசுகிறாள் என்பதற்கும், பிறர் மனத்தில் ஓடுவதை அக்குழந்தை ஊகித்தறியும் ஆற்றலுக்கும் தொடர்பு இருந்தது. கேட்கும் குழந்தையோடு பேசும் தாய்மார் அப்படிப்பட்ட பேச்சை அதிகம் பேசினர். 'இந்தப் புள்ளைங்களுக்குக் கோபம் ஜாஸ்தி, சொன்னாப் புரியாது' என்று நம்மூரில் சொல்லப்படுவதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காரணம் சொல்லப்படாமலே வளர்ந்த குழந்தைக்குக் காரணம் புரியவில்லை என்பதில் குழந்தையின் குற்றம் என்ன இருக்கிறது?

3. கொங்கு வீட்டில் முடிவெடுப்பவர்கள்

ஆய்வுகளில் 'பெற்றோர்' என்றால் அநேகமாகத் தாய். வினாப்படிவத்தை நிரப்புபவர் அவர், பயிற்சிக்கு வருபவர் அவர். ஆனால் நம் வீடுகளில் முடிவு அவரிடம் இருப்பதில்லை. பெரா டெஸ்ட் என்னும் செவிப் பரிசோதனை எடுக்கலாமா என்பதைக் கணவரும் மாமியாரும் பேசி முடிவு செய்வார்கள். அறுவைசிகிச்சை என்றால் அப்பிச்சி (தாய்வழித் தாத்தா), தாய்மாமன் வரை பேச்சு போகும். தன் குழந்தை கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று தாய் முதலில் உணர்ந்திருப்பாள். அதைச் சொல்லும் துணிவு பிறகுதான் வரும். சொன்னால் முதல் கேள்வி அவள்மீதே பாயும். கிரகணத்தில் வெளியே போனாயா? மாசமா இருக்கும்போது என்ன மாத்திரை சாப்பிட்டாய்?

ஒன்றிரண்டு வயதுக்குள் கொங்கு வீடுகளில் மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள். தாய்மாமன் மடியில் குழந்தை. சுற்றிலும் மேளம், சொந்தபந்தம், சீர்வரிசை. ஒரு குழந்தையின் காதை இத்தனை பேர் உற்றுப் பார்க்கும் வேறொரு நாள் அதன் வாழ்வில் வராது. மேளச் சத்தத்துக்குத் திரும்பாத குழந்தையை அன்று 'பயப்படாத புள்ளை' என்று மெச்சிவிட்டு நகர்கிறோம்.

மருத்துவமனையில் தவறாமல் கேட்கப்படும் மற்றொரு கேள்வி, "சொந்தத்துல கல்யாணமா?" என்பது. கேள்வி தேவையானதே. கூட்டம் (குலப்பிரிவு) விட்டுக் கூட்டம் மணப்பது கொங்கு வேளாளர் வழக்கம் என்றாலும், மாமன் மகள், அத்தை மகள் என்ற உரிமை வழிப்பட்ட மணம் இப்பகுதிச் சாதிகள் பலவற்றில் நெடுங்காலம் இருந்துவந்திருக்கிறது. பிறவிக் கேளாமையில் ஒரு பெரும்பகுதி, பெற்றோர் இருவரும் ஒரே மரபணுக் குறையை மறைவாகச் சுமக்கும்போது வெளிப்படுவது. அப்படிப்பட்ட இணைக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கேளாமை வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இந்தியக் குடும்பங்களில் ஜிஜேபி2 என்ற மரபணுவின் ஒரு குறிப்பிட்ட மாற்றம் அதிகம் காணப்படுவதை 2003இலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். சொந்தத்தில் மணந்தால் இருவரும் ஒரே குறையைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. வெளியில் மணந்தோருக்கும் வரத்தான் செய்கிறது. இந்த விளக்கம் எதுவுமின்றிக் கேள்வியை மட்டும் கேட்டு அனுப்பிவிட்டால், வீட்டில் அது தீர்ப்பாக மாறும். உங்கள் வம்சமா எங்கள் வம்சமா என்ற பழி ஓடத் தொடங்கும். குற்றவுணர்வில் குமையும் தாய் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசுவதே குறைந்துபோகும். மருத்துவர் செலவிடும் ஐந்து நிமிட விளக்கம்கூட பெற்றோரின் மனப்பான்மையை உருவாக்கும் காரணிதான் என்பேன்.

பெண் குழந்தை என்றால் இன்னொரு அடுக்கு சேர்கிறது. காது மிஷினை முடியால் மறைப்பதும், அடையாள அட்டை வாங்கினால் நாளை வரன் வரும்போது தெரிந்துவிடும் என்று தள்ளிப்போடுவதும் நடக்கின்றன. அந்த அச்சத்தைப் பெற்றோரின் அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஊர் எப்படிப் பார்க்கும் என்பதை அவர்கள் சரியாகவே கணித்திருக்கிறார்கள். மாற வேண்டியது அவர்கள் மட்டுமல்ல.

இன்னொரு வகைக் குழந்தைகளைப் பற்றி எழுதுவோர் குறைவு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரு காதிலும் 70 டெசிபல் இழப்பைக் கேளாமை என்றும், 60 முதல் 70 வரையிலானதைக் குறைந்த செவித்திறன் என்றும் வரையறுக்கிறது. 45, 50 டெசிபல் இழப்புள்ள குழந்தை இந்த எல்லைக்குள் வராது. அது சில நேரம் திரும்பும், சில நேரம் திரும்பாது. ஆகவே வீட்டில் அதற்குக் கிடைக்கும் பெயர் திமிர், அடம், கவனமில்லாதவன். முழுக் கேளாமை பெற்றோருக்குத் துயரம் தருகிறது. அரைக் கேளாமை கோபம் தருகிறது. அடி வாங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைக் குழந்தைதான்.

4. கருவி வந்த பிறகு

தமிழ்நாடு இத்துறையில் பெருமைப்படத் தக்க ஒன்றைச் செய்திருக்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியே, பல லட்சம் ரூபாய் ஆகும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைசிகிச்சை ஆறு வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கும் கிடைக்கிறது. அதற்குப் பின்னான பயிற்சியும் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. விசைத்தறித் தொழிலாளியின் குழந்தை இந்தக் கருவியைப் பெறுவது பல நாடுகளில் எண்ணிப் பார்க்க முடியாதது.

ஆனால் 'ஆபரேஷன் ஆயிடுச்சு, இனிப் பேசிடுவான்' என்ற நம்பிக்கையும் கருவியோடு சேர்ந்தே வீட்டுக்குள் நுழைகிறது. கண்ணாடி போட்டால் பார்வை தெளிவது போன்ற ஒன்றாக இதை எண்ணிவிடுகிறார்கள். காக்ளியர் கருவி ஒலியை மின்துடிப்பாக மாற்றி நரம்புக்கு அனுப்பும். அந்தத் துடிப்பு 'அம்மா' என்ற சொல் என்று மூளை கற்றுக்கொள்ள, ஆயிரம் முறை யாராவது அந்தக் குழந்தையிடம் அதைச் சொல்லியாக வேண்டும். பயிற்சி மையத்தில் வாரத்துக்கு ஓரிரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் வீடுதான் பள்ளி. சென்னையில் 1969இல் தொடங்கப்பட்ட பால வித்யாலயா, தாயையும் வகுப்பறையில் உட்கார வைத்துக் கற்பித்த முறை இங்கே நினைக்கத் தக்கது. அங்கே தாய்தான் முதல் மாணவி.

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம் வட்டாரங்களில் இந்த வீட்டுப் பயிற்சிக்கு ஒரு தனித் தடை உண்டு. பல வீடுகளை ஒட்டியே தறிக்குடோன் இருக்கிறது. காது மிஷின் பேச்சை மட்டும் பெரிதாக்குவதில்லை, தறிச் சத்தத்தையும் சேர்த்தே குழந்தையின் காதில் கொட்டுகிறது. குழந்தை மிஷினைப் பிடுங்கி எறியும். 'போட மாட்டேங்குது' என்று அது பீரோவுக்குள் போய்விடும். அவ்வீட்டாரைப் பொறுப்பற்றவர்கள் என்று குறித்துக்கொள்ளும் முன், தறி நிற்கும் நேரத்தைக் கேட்டறிந்து அந்த நேரத்தில் பேசச் சொல்லிக்கொடுத்தோமா என்று பயிற்சியாளர்கள் யோசிக்க வேண்டும். மின்தடை நேரமும் வார விடுமுறையும் அந்தக் குழந்தைக்கு மொழி கிடைக்கும் நேரங்கள்.

5. கை பேசலாமா?

பேச்சா, சைகையா என்ற சர்ச்சை 1880இல் மிலானில் கூடிய கல்வியாளர் மாநாடு வாய்மொழிக் கல்விக்கே முன்னுரிமை என்று தீர்மானித்தது முதல் ஓயவில்லை. இன்றும் பல பயிற்சி மையங்களில் பெற்றோருக்குச் சொல்லப்படுவது ஒன்றே: கையைக் காட்டாதீர்கள், காட்டினால் குழந்தை பேசாது. ஆன் கியர்ஸ் குழுவினர் 2017இல் இம்ப்ளான்ட் பெற்ற 97 குழந்தைகளை ஒப்பிட்டு, சைகை பயன்படுத்தாத குழந்தைகளின் பேச்சு மேம்பட்டிருந்ததாகக் கண்டனர். இந்த ஆய்வை ஒதுக்க முடியாது. ஆனால் அதில் 'சைகை' எனப்பட்டது பெரும்பாலும் கேட்கும் பெற்றோர் பேச்சோடு சேர்த்துக் காட்டிய அரைகுறைச் சைகைகள் என்ற எதிர்வாதமும் வலுவானது. அதற்கு மூன்றாண்டு முன்பு கேத்ரின் டேவிட்சனும் உடனாய்வாளர்களும் ஆராய்ந்த ஐந்து குழந்தைகள் கேளாத பெற்றோருக்குப் பிறந்து, சைகை மொழியோடு வளர்ந்து, இம்ப்ளான்ட்டும் பெற்றவர்கள். அவர்களின் ஆங்கிலப் பேச்சு, கேளாத பெற்றோருக்குப் பிறந்த கேட்கும் குழந்தைகளின் பேச்சுக்குக் குறைவுபடவில்லை. ஐந்து பேரை வைத்துப் பொது முடிவுக்கு வர முடியாதுதான். சைகை பேச்சைக் கொல்லும் என்ற திட்டவட்டமான எச்சரிக்கையை அசைக்க அது போதும்.

என் நிலைப்பாட்டை ஒளிக்க விரும்பவில்லை. பேச்சு வரும் என்று காத்திருக்கும் ஆண்டுகளில் குழந்தைக்கு எந்த மொழியும் கொடுக்காமல் விடுவதே மிகப் பெரிய கேடு. பேச்சு வந்தால் நல்லது. வராமல்போனால் அந்த ஆண்டுகள் திரும்பக் கிடைக்காது. 'கை பேசினால் ஊமை என்று ஊருக்குத் தெரிந்துவிடும்' என்ற கூச்சத்தைப் பெற்றோரிடம் வளர்த்ததில் நிபுணர்களுக்கும் பங்குண்டு.

கோவைக்கு இதில் தனிப் பொறுப்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன். பெரியநாயக்கன்பாளையத்தில் அவினாசிலிங்கம் நிறுவிய இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்திலிருந்துதான், நாட்டின் பல மாநில நகரங்களில் திரட்டிய சைகைகளைக் கொண்டு இந்தியச் சைகை மொழி அகராதி ஒன்று உருவானது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் சைகை மொழியையும் தகவல் தொடர்பு முறைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை அதை நாடெங்கும் தரப்படுத்தச் சொல்கிறது. அகராதி பிறந்த மண்ணில், குறை கண்டறியப்பட்ட குழந்தையின் பெற்றோருக்குக் கேளாத பெரியவர் ஒருவரைச் சந்திக்கும் வாய்ப்புகூட அநேகமாகக் கிடைப்பதில்லை. வேலை பார்த்து, குடும்பம் நடத்தி, நண்பர்களோடு கைகளால் அரட்டையடிக்கும் ஒருவரை நேரில் பார்த்தால், தம் குழந்தை என்னவாகும் என்ற இருட்டில் அவர்களுக்கு ஒரு முகம் தெரியும். எந்த ஆலோசனை அறையும் அதைத் தராது.

தறிக்குடோனுக்கே திரும்பிப் போகலாம். இருபது தறிகள் ஒன்றாக ஓடும் கூடத்தில் வாயால் கத்திப் பயனில்லை. அங்கே வேலை செய்பவர்கள் தூரத்திலிருந்தே உதடு பார்த்தும் கையசைத்தும் பேசிக்கொள்வார்கள். நூல் தீர்ந்துவிட்டது, டீ வந்துவிட்டது, முதலாளி வருகிறார், மகளுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என எல்லாவற்றுக்கும் கை உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளிலும் இப்படி வாயசைத்துப் பேசும் வழக்கம் இருந்தது. அதற்கென்று ஒரு பெயரே வைத்திருந்தார்கள். நம் தறிக்காரர்களின் கைப்பேச்சை யாரும் ஊமை என்று சொன்னதில்லை, அதற்காக அவர்கள் கூசியதும் இல்லை. எட்டு மணி நேரம் அப்படிப் பேசிவிட்டு வீட்டுக்கு வரும் அப்பா, வாசலில் ஓடிவந்து கையைக் காட்டி எதையோ சொல்லும் மகனுக்கு முன்னால் வந்ததும் கையை மடக்கிக்கொள்கிறார். அந்தக் கையை மடக்கச் சொன்னது யார் என்பதைத்தான் ஆராய வேண்டும்.